ஆலன் ஜோன்ஸ்: 36,049 ரன்னும் ஒரே ஒரு தொப்பியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டெஸ்டே ஆடாமல் முதல்தரப் போட்டிகளில் (மூன்று நாளோ அதற்கு மேலோ நடக்கும் உயர்மட்ட ஆட்டங்களில்) அதிக ரன் குவித்தவர் யார்? கிரிக்கெட் வினாடி வினாக்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். விடை ஆலன் ஜோன்ஸ். பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு வெறுமை தெரியும்: யார் அது? பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கிளம்பும். பல வருடங்களாக நண்பர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்டவற்றைத் திரட்டி, என்னால் முடிந்த அளவு பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ஆலன் ஜோன்ஸ்?

1938 நவம்பர் 4 அன்று, வேல்ஸில் ஸ்வான்சி நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள வெலிந்த்ரே என்ற சிற்றூரில் பிறந்தவர். இடதுகைத் தொடக்க ஆட்டக்காரர். 1957-இல் கிளமோர்கன் கவுண்டிக்காக (கவுண்டி என்பது அங்குள்ள உள்நாட்டுப் போட்டிகளில் ஆடும் மாவட்ட அணி) முதல் ஆட்டம் ஆடினார், 1983-இல் ஓய்வு பெற்றார். நடுவில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும், தென்னாப்பிரிக்காவில் நட்டால், வடக்கு டிரான்ஸ்வால் அணிகளுக்கும் கொஞ்சம் ஆடியிருக்கிறார். இங்கிலாந்துக் கோடைக் காலத்தில் அவர் வேறு எந்தக் கவுண்டிக்கும் போகவில்லை. அங்கே தொடங்கி அங்கேயே முடித்தார்.

வேல்ஸ்காரர் எப்படி இங்கிலாந்துக்கு ஆட முடியும்?

கால்பந்திலும் ரக்பியிலும் வேல்ஸ் தனி நாடாக ஆடுகிறது. கிரிக்கெட்டில் அப்படி இல்லை. அங்கே வாரியத்தின் பெயரே இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் கிரிக்கெட் வாரியம். கவுண்டி சாம்பியன்ஷிப்பில் இருக்கும் ஒரே வேல்ஸ் அணி கிளமோர்கன், 1921-இல் சேர்ந்தது. நம் ஊர் ரசிகர்களுக்குச் சொல்வதானால், ரவி சாஸ்திரி 1987 முதல் ஆடிய அணி, சவுரவ் கங்குலி 2005-இல் ஆடிய அணி.

வேல்ஸில் பிறந்து சர்வதேச டெஸ்ட் ஆட நினைக்கும் ஒருவருக்கு இங்கிலாந்து அணியைத் தவிர வேறு வாசல் கிடையாது. தேர்வுக்குழு கூடுவது லண்டனில், பத்திரிகைகள் இருப்பதும் லண்டனில். வேல்ஸ்காரன் இடம் பிடிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நன்றாக ஆட வேண்டும் என்று அங்குள்ள ரசிகர்கள் அந்தக் காலத்தில் புலம்புவார்கள். அது முழு உண்மை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் கிளமோர்கனின் பட்டியலைப் பார்த்தால் அந்தப் புலம்பல் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. கீழே கிளமோர்கன் பந்துவீச்சாளர் டான் ஷெப்பர்டு பற்றி எழுதியிருப்பதையும் படியுங்கள்.

மொத்தக் கணக்கு என்ன?

645 முதல்தர ஆட்டம், 1,168 இன்னிங்ஸ், 36,049 ரன், 56 சதம், சராசரி 32.89. இதில் கிளமோர்கனுக்கு மட்டும் 34,056 ரன், 52 சதம். அதிகபட்சம் 1980-இல் பேசிங்ஸ்டோக்கில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக எடுத்த 204 நாட் அவுட். அப்போது அவர் வயது 41.

இதையெல்லாம்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் 23. 1961 முதல் 1983 வரை ஒரு சீசன்கூட விடாமல் ஆயிரம் ரன் எடுத்திருக்கிறார். காயம், மழை, ஃபார்ம் போவது என எல்லாவற்றையும் தாண்டி 23 கோடைக் காலம். ஓய்வு பெற்ற வருடத்திலும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டுத்தான் போனார். 44 வயதில்.

சராசரி 32.89 தானே? இதில் என்ன பெரிய விஷயம்?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன். இன்றைய கண்ணால் அந்த எண்ணைப் பார்த்தால் அநியாயம் செய்துவிடுவோம்.

முதலில் பிட்ச். இங்கிலாந்தில் 1981 வரை சாம்பியன்ஷிப் ஆட்டம் தொடங்கியபின் பிட்ச்சை முழுமையாக மூடும் வழக்கம் இல்லை. மழை பெய்தால் பிட்ச் நனையும். பிறகு வெயில் அடித்துக் காயும்போது பந்து ஒன்று கணுக்காலுக்கும் அடுத்தது தாடைக்கும் வரும். முதல் பந்தைச் சந்திக்கும் தொடக்க ஆட்டக்காரருக்கு இதில் எந்தச் சலுகையும் கிடையாது. ஜோன்ஸின் 23 சீசன்களில் முதல் இருபது இப்படிப்பட்ட பிட்ச்களில் கழிந்தவை.

அடுத்தது சொந்த மைதானம். ஸ்வான்சியின் செயின்ட் ஹெலன்ஸ் மைதானம் ரக்பியும் கிரிக்கெட்டும் பகிர்ந்துகொண்ட இடம், கடற்கரையை ஒட்டியது. கிளமோர்கன் ஜெயித்த ஆட்டங்களில் பெரும்பங்கு பந்துவீச்சாளர்களுக்கு உதவிய பிட்ச்களில்தான். 1964-இல் அங்கே ஆஸ்திரேலிய அணியைக் கிளமோர்கன் 36 ரன்னில் வென்றது. அந்த ஆட்டத்தின் நான்கு இன்னிங்ஸ்களின் மொத்த ஸ்கோர்: 197, 101, 140, 200. இப்படி ஒரு ஊரில் ஆண்டுதோறும் ஆயிரம் ரன் எடுப்பது எப்படி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பந்துவீச்சு. 1968-க்குப் பிறகு வெளிநாட்டு நட்சத்திரங்களைக் கவுண்டிகள் உடனடியாகச் சேர்த்துக்கொள்ள வழி திறந்தது. கடல் வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள குளோஸ்டர்ஷயரில் மைக் பிராக்டர். ஹாம்ப்ஷயரில் ஆண்டி ராபர்ட்ஸ். சசெக்ஸில் ஜான் ஸ்னோ, பிறகு இம்ரான் கான். ஹெல்மெட் வந்ததே 1970-களின் கடைசியில். அதுவரை வெறும் தொப்பிதான்.

நான்காவது, உடம்பு. 1969-இல் ஞாயிற்றுக்கிழமை 40 ஓவர் லீக் தொடங்கியதும் கவுண்டி வீரரின் வாரம் இப்படி ஆனது: சனிக்கிழமை மூன்று நாள் ஆட்டம் தொடங்கும். ஞாயிறு அதை அப்படியே நிறுத்திவிட்டு லீக் ஆட்டம், சில வேளை வேறு ஊரில், வேறு எதிரணியோடு. திங்கள் திரும்பி வந்து மூன்று நாள் ஆட்டத்தைத் தொடர்வார்கள். செவ்வாய் மாலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர். வேல்ஸிலிருந்து புறப்படுவோருக்குத் தூரம் எப்போதும் கூடுதல். 1966-இல் செவர்ன் பாலம் திறக்கும் வரை கார்கள் பெரும்பாலும் குளோஸ்டர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் இங்கிலாந்தின் தென்பகுதிக்குப் போயாக வேண்டும்.

இத்தனையையும் சேர்த்துப் படித்தால் 32.89 என்ற எண் வேறு மாதிரி தெரியும். எனக்குத் தெரிகிறது.

1970-இல் நடந்தது என்ன?

அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வருவதாக இருந்தது. 1968-இல்தான், கேப்டவுனில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடிய பேசில் டொலிவேரா அணியில் இருக்கிறார் என்பதற்காக, தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் இங்கிலாந்து அணியை உள்ளே விட மறுத்திருந்தார். அந்தக் காயம் ஆறுமுன் நிறவெறி நாட்டின் வெள்ளையர் அணியை வரவேற்பதா என்று பீட்டர் ஹெய்ன் முதலானோர் பெரிய போராட்டம் நடத்தினார்கள். கடைசியில், மே மாதத்தில், உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கல்லகன் கேட்டுக்கொண்டதன் பேரில் சுற்றுப்பயணம் ரத்தானது.

ரத்தானது சரியே, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் கோடையில் ஐந்து டெஸ்ட் காலியாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப 'உலகின் மற்ற நாடுகள்' அணி ஒன்றைத் திரட்டினார்கள். கின்னஸ் நிறுவனம் பண உதவி செய்தது. கேப்டன் கார்ஃபீல்ட் சோபர்ஸ். அணியில் ரோகன் கன்ஹாய், கிளைவ் லாயிட், லான்ஸ் கிப்ஸ், இன்டிகாப் ஆலம், கிரஹாம் மெக்கென்சி, நம் ஃபரூக் எஞ்சினியர். கூடவே தனித்தனி வீரர்களாக வந்த தென்னாப்பிரிக்கர்கள் பேரி ரிச்சர்ட்ஸ், கிரேம் பொல்லாக், எடி பார்லோ, பிராக்டர். இதைவிடப் பலமான அணி அதுவரை எந்த மைதானத்திலாவது இறங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

இந்த ஆட்டங்களை டெஸ்ட் என்றே சொன்னார்கள். ஆடும் இங்கிலாந்து வீரர்களுக்கு முறைப்படி இங்கிலாந்து தொப்பி, அதாவது நாட்டுக்காக ஆடியதற்கான அடையாளம், உண்டு என்றும் அறிவித்தார்கள். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

அந்த ஒரு ஆட்டத்தில் ஜோன்ஸ் எப்படி ஆடினார்?

1970 ஜூன் மாதம், லண்டனின் லார்ட்ஸ் மைதானம். 31 வயது ஜோன்ஸும் கென்ட்டின் பிரையன் லக்ஹர்ஸ்டும் தொடக்க ஜோடி. முதல் இன்னிங்ஸில் ஜோன்ஸ் 5, கேட்ச் எஞ்சினியர், பவுலிங் பிராக்டர். இரண்டாவது இன்னிங்ஸில் 0, கேட்ச் எஞ்சினியர், பவுலிங் பிராக்டர். ஒரே கை, ஒரே கையுறை.

அந்த அணியில் அன்று தடுமாறியவர் அவர் மட்டும் அல்ல. சோபர்ஸ் 21 ரன்னுக்கு 6 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 127-இல் சுருண்டது. அதில் 63 கேப்டன் ரே இல்லிங்வொர்த்துடையது. பிறகு சோபர்ஸே 183 அடித்தார், பார்லோ 119, மொத்தம் 546. இரண்டாவது முறை இங்கிலாந்து 339 எடுத்தும் இன்னிங்ஸ், 80 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

இதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பிராக்டரை ஜோன்ஸுக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்துக் கவுண்டிக்காரர். புதுப் பந்து, லார்ட்ஸ் மைதானத்தின் சரிவு, முதல் முறை நெஞ்சில் மூன்று சிங்கம் பொறித்த சட்டை. இரண்டு நல்ல பந்துகள் விளிம்பைத் தொட்டன. தொடக்க ஆட்டக்காரருக்கு இது எந்த வாரமும் நடக்கும். அடுத்த வாரம் சதம் அடிப்பார். ஜோன்ஸுக்கு அந்த அடுத்த வாரம் தரப்படவில்லை.

ஏன் இன்னொரு வாய்ப்பு கிடைக்கவில்லை?

போட்டி கடுமை என்பது உண்மை. ஜெஃப் பாய்காட், ஜான் எட்ரிச், டென்னிஸ் அமிஸ், லக்ஹர்ஸ்ட் என்று தொடக்க இடத்துக்கு ஒரு வரிசையே நின்றது. எட்ரிச்சும் இடதுகை ஆட்டக்காரர்தான். இரண்டாவது ஆட்டத்துக்கு ஜோன்ஸை நீக்கினார்கள். பிறகு அழைக்கவே இல்லை. லக்ஹர்ஸ்ட் அந்தத் தொடரில் நிலைத்துவிட்டார், குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்.

ஒரே ஆட்டத்தை வைத்து ஒருவரை எடைபோட்டது தவறு என்பது என் கருத்து. ஆனாலும் அது தேர்வாளர்களின் உரிமை. 5, 0 என்ற ஸ்கோரோடு ஒரு டெஸ்ட் ஆடி மறைந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஜோன்ஸ் கதையில் வலிப்பது நீக்கியது அல்ல. அதன் பிறகு நடந்தது.

பிறகு என்ன நடந்தது? டெஸ்ட் தகுதியை யார் பறித்தார்கள்?

தொடரை உலக அணி 4-1 என்று வென்றது. அது முடிந்து இரண்டு வருடம் கழித்து, 1972-இல், அந்த ஐந்து ஆட்டங்களும் அதிகாரப்பூர்வ டெஸ்ட் அல்ல என்று சர்வதேச கிரிக்கெட் அமைப்பு (ஐசிசி) முடிவு செய்தது. டெஸ்ட் என்றால் இரண்டு நாட்டு அணிகள் மோத வேண்டும், ஒரு பக்கம் நாடு, மறுபக்கம் கலவை அணி என்றால் செல்லாது என்பது வாதம். விஸ்டன் ஆண்டு நூல் மட்டும் இன்னும் சில ஆண்டுகள் பிடிவாதமாக அவற்றை டெஸ்ட் பட்டியலில் வைத்திருந்தது. பின்னர் அதுவும் விட்டுவிட்டது.

விதி என்ற அளவில் அந்த வாதத்தை ஏற்கலாம். அதை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். தொப்பி கொடுத்து, டெஸ்ட் என்று டிக்கெட் விற்று, முழு பலத்தோடு ஆடவைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அழிப்பது எந்த ஊர் நியாயம்?

இதனால் ஜோன்ஸ் மட்டும்தான் பாதிக்கப்பட்டாரா?

இல்லை. சோபர்ஸ் அந்தத் தொடரில் 588 ரன்னும் 21 விக்கெட்டும் எடுத்தார். அவருடைய 8,032 டெஸ்ட் ரன்னில் அவை இல்லை. பீட்டர் லீவர் ஓவலில் 83 ரன்னுக்கு 7 விக்கெட் சாய்த்தது கணக்கில் இல்லை. வெறும் 4 டெஸ்டோடு வாழ்க்கை முடிந்த பேரி ரிச்சர்ட்ஸுக்கும், 7 டெஸ்டோடு முடிந்த பிராக்டருக்கும் உள்ள சொற்பக் கணக்கில்கூட இவை ஏறவில்லை.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் வேறு டெஸ்ட்கள் இருந்தன. ஜோன்ஸோடு லார்ட்ஸில் அறிமுகமான லக்ஹர்ஸ்டும் கென் ஷட்டில்வொர்த்தும் அதே ஆண்டுக் கடைசியில் பிரிஸ்பேனில் அதிகாரப்பூர்வமாக ஆடிவிட்டார்கள். டோனி கிரெய்க் இந்தத் தொடரில்தான் முதலில் களம் இறங்கினார். அவர் 1972 முதல் ஆடி இங்கிலாந்து கேப்டனாகவே ஆனார். அந்தத் தொடரில் ஆடிய இங்கிலாந்து வீரர்களில், அதற்கு முன்னும் பின்னும் ஒரு டெஸ்ட்கூட இல்லாதவர் ஒருவர்தான். அழிப்பானை எல்லோர் ஏட்டிலும் ஓட்டினார்கள். வெறும் தாள் மிஞ்சியது ஜோன்ஸுக்கு மட்டும்.

இன்னொன்று. முதல்தர ஆட்டம் என்ற தகுதி அந்த ஐந்துக்கும் அப்படியே இருக்கிறது. ஆகவே லார்ட்ஸில் எடுத்த 5 ரன் இன்றும் அவருடைய 36,049-க்குள் இருக்கிறது.

முரளிதரனின் 800 விக்கெட்டில் உலக அணிக்காக எடுத்தவையும் உண்டே? அது மட்டும் எப்படிச் செல்லும்?

நல்ல கேள்வி. 2005 அக்டோபரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவும் ஐசிசி உலக அணியும் ஆடிய ஆட்டத்துக்கு டெஸ்ட் தகுதி கொடுத்தார்கள். முரளிதரன் அதில் எடுத்த 5 விக்கெட் சேர்ந்துதான் 800. இலங்கைக்காக மட்டும் எடுத்தது 795. சேவாக்கின் 8,586 டெஸ்ட் ரன்னிலும் உலக அணிக்காக எடுத்த 83 கலந்திருக்கிறது.

முரளியிடமிருந்து அந்த ஐந்தைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, கனவிலும் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டு அணியும் கலவை அணியும் மோதிய ஆட்டம் 2005-இல் டெஸ்ட் என்றால், 1970-இல் அதைவிட மும்முரமாக ஐந்து முறை மோதியது ஏன் டெஸ்ட் இல்லை? 1972-இல் சொன்ன காரணத்தை 2005-இல் அவர்களே கைவிட்டுவிட்டார்கள். பழைய முடிவை மட்டும் திருத்தவில்லை.

அவர் ஆட்டம் பார்க்க எப்படி இருக்கும்?

உயரம் குறைவு, பரபரப்பு இல்லை. புதுப் பந்தின் பளபளப்பைத் தேய்த்துவிட்டுப் பின்னால் வருகிறவர்களுக்கு வழி செய்வதுதான் வேலை. அதற்காகக் கட்டை போட்டே காலம் தள்ளியவர் என்று நினைக்கக் கூடாது. வேகப் பந்துக்குப் பயப்படாதவர். 1968-இல் ஸ்வான்சியில் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக 99 அடித்தார். கிளமோர்கன் அந்த ஆட்டத்தையும் ஜெயித்தது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுப்பயணங்களில் ஆஸ்திரேலியாவை ஒரே கவுண்டி தோற்கடித்தது, இரண்டும் அதே மைதானத்தில்.

1969 சாம்பியன்ஷிப்பில் அவர் பங்கு என்ன?

கிளமோர்கன் மூன்று முறைதான் சாம்பியன்ஷிப் வென்றிருக்கிறது: 1948, 1969, 1997. அதில் 1969 தனி ரகம். 24 ஆட்டத்தில் 11 வெற்றி, 13 டிரா, தோல்வி ஒன்றுகூட இல்லை. 1930-இல் லங்காஷயருக்குப் பிறகு தோற்காமல் பட்டம் வென்ற அணி இதுதான். ஜோன்ஸும் ரோஜர் டேவிஸும் தொடக்கம், டோனி லூயிஸ் கேப்டன்.

அந்த வருடத்து ஆட்டங்களில் எனக்குப் பிடித்தது ஸ்வான்சியில் எசெக்ஸுடன் நடந்தது. கடைசிப் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடினார்கள். தேர்டு மேனிலிருந்து ஓஸி வீட்லி வீசிய பந்தை வாங்கி ஸ்டம்பைத் தட்டியவர் விக்கெட் கீப்பர் ஐஃபியன் ஜோன்ஸ். ஒரே ஒரு ரன்னில் வெற்றி. ஐஃபியன் வேறு யாருமல்ல, ஆலனின் தம்பி.

பட்டம் உறுதியானது கார்டிஃபின் சோஃபியா கார்டன்ஸில், வூஸ்டர்ஷயரோடு. மஜித் கான் 156 அடித்தார், அணியின் மொத்தமே 265. டான் ஷெப்பர்டு தன் 2,000-ஆவது விக்கெட்டை அதே ஆட்டத்தில் எடுத்தார். இந்த அணியின் தொடக்க ஆட்டக்காரர் என்பதால்தான் அடுத்த கோடையில் லார்ட்ஸுக்கு அழைப்பு வந்தது என்று எடுத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பில்லை.

தம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம்?

கிளமோர்கன் வரலாற்றில் அதிக ஆட்டக்காரர்களை வெளியேற்றிய விக்கெட் கீப்பர் ஐஃபியன். 1968 ஆகஸ்ட் 31 அன்று மால்கம் நாஷ் வீசிய ஓவரில் சோபர்ஸ் ஆறு சிக்ஸர் அடித்தபோது ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தவரும் இவரே. அண்ணனும் தம்பியும் 1983-இல் ஒரே வருடம் ஓய்வு பெற்றார்கள்.

கேப்டனாக இருந்தாரா?

1977, 1978 இரண்டு வருடம். 1977-இல் கிளமோர்கனை கவுண்டிகளின் ஒருநாள் போட்டியான ஜில்லெட் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு, லார்ட்ஸுக்கே, அழைத்துப் போனார். மிடில்செக்ஸ் 5 விக்கெட்டில் வென்றது. மறு வருடம் விஸ்டன் அவரை ஆண்டின் ஐந்து சிறந்த வீரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. கூட இருந்த நால்வர்: இயான் போத்தம், பாப் வில்லிஸ், மைக் ஹென்ட்ரிக், கென் மெக்கீவன்.

இந்தியாவுக்கு எதிராக ஆட வாய்ப்பே வரவில்லையா?

வந்திருக்கலாம் என்று நான் நினைக்கும் தருணம் ஒன்று உண்டு. 1972-73 குளிர்காலத்தில் இங்கிலாந்து இந்தியாவுக்கு வந்தது. இல்லிங்வொர்த் வரவில்லை, ஸ்னோ வரவில்லை, பாய்காட்டும் வரவில்லை. கேப்டன் பதவி கிளமோர்கனின் டோனி லூயிஸுக்குப் போனது. டெல்லியில் அவர் ஆடிய முதல் டெஸ்டே கேப்டனாக ஆடியது. இங்கிலாந்து அந்த ஆட்டத்தில் வென்றாலும், கொல்கத்தாவிலும் 1973 ஜனவரியில் சேப்பாக்கத்திலும் தோற்று, தொடரை 2-1 என்று இந்தியாவிடம் இழந்தது.

பாய்காட் இல்லாத பயணம். பிட்ச் திரும்பும் நாடு. கேப்டனோ ஜோன்ஸோடு வருடக்கணக்காக ஆடிய நண்பர். இடதுகைத் தொடக்க ஆட்டக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வருமா? அழைக்கவில்லை. அவர் சேப்பாக்கத்தில் பொங்கல் நாளில் பேடியையும் சந்திரசேகரையும் பிரசன்னாவையும் சந்தித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

டெஸ்ட் கிடைக்காத மற்ற பெரியவர்கள் யார்?

பேட்டிங்கில் ஜோன்ஸுக்கு அடுத்த இடம் சசெக்ஸின் ஜான் லாங்ரிட்ஜுக்கு. 34,380 ரன், 76 சதம். 1939-40 இந்தியச் சுற்றுப்பயணத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போர் வந்து பயணமே நின்றுபோனது. பிற்காலத்தில் நடுவராகத்தான் டெஸ்ட் மைதானத்தில் நின்றார்.

பந்துவீச்சில் முதலிடம் டான் ஷெப்பர்டு, 2,218 விக்கெட். வேகப்பந்தில் தொடங்கி, 1950-களின் நடுவில் ஆஃப் கட்டருக்கு மாறி, 1956-இல் மட்டும் 177 விக்கெட் வீழ்த்தியவர். 1964-இல் ஆஸ்திரேலியாவை ஸ்வான்சியில் சாய்த்தபோது இரண்டாவது இன்னிங்ஸில் அவர் வீசியது 52 ஓவர். அதில் 29 மெய்டன். 71 ரன்னுக்கு 5 விக்கெட். ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது. டெஸ்ட் ஆடாதவர்களில் அதிக ரன், அதிக விக்கெட் இரண்டும் ஒரே கவுண்டியிடம், அதுவும் ஒரே காலத்தில் ஒரே அணியில். தற்செயல் என்று சொல்லிவிடலாம். வேல்ஸில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு.

நான் தேடினால் வேறு ஆலன் ஜோன்ஸ் வருகிறாரே?

1980-இல் ஃபார்முலா ஒன் சாம்பியனான ஆஸ்திரேலியக் கார் பந்தய வீரர் ஒருவர். கிரிக்கெட்டிலேயே இன்னொருவர் உண்டு: ஆலன் ஆர்தர் ஜோன்ஸ், வேகப்பந்து வீச்சாளர், பின்னாளில் நடுவர். சசெக்ஸ், சாமர்செட், மிடில்செக்ஸ் ஆடிவிட்டுக் கடைசியில் கிளமோர்கனுக்கே வந்து சேர்ந்தார், நான்கு கவுண்டிக்கு ஆடிய முதல் ஆள். இரண்டு ஆலன் ஜோன்ஸும் ஒரே ஸ்கோர் அட்டையில் இருந்த ஆட்டங்கள் உண்டு என்பதால், 1980-ஐ ஒட்டிய ஆட்டங்களைப் படிக்கும்போது முதலெழுத்தைக் கவனியுங்கள்.

2020-இல் தொப்பி எப்படி வந்தது?

லார்ட்ஸ் ஆட்டம் முடிந்து சரியாக 50 வருடம் ஆன ஜூன் மாதத்தில், இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் வாரியம் ஜோன்ஸை இங்கிலாந்து வீரராக அங்கீகரித்தது. கொரோனா ஊரடங்குக் காலம், விழா எதுவும் வைக்க முடியவில்லை. வீடியோ அழைப்பில் வாரியத் தலைவர் காலின் கிரேவ்ஸும் டெஸ்ட் கேப்டன் ஜோ ரூட்டும் செய்தியைச் சொன்னார்கள். அவருக்கு அப்போது வயது 81.

சிலர் இதைப் பரிதாபப் பரிசு என்று எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சு கோபம் வரவழைக்கிறது. 1970-இல் அவர் ஆடித்தான் வாங்கினார். கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

அப்படியானால் இப்போது அவர் டெஸ்ட் வீரரா?

இங்கிலாந்துக் கணக்கில் ஆம், ஐசிசி கணக்கில் இல்லை. சர்வதேசப் பதிவேட்டில் அந்த ஐந்து ஆட்டங்களும் இன்னும் டெஸ்ட் ஆகவில்லை. ஆகவே வினாடி வினாவில் கேட்டால் பழைய விடையே சரி. டெஸ்ட் ஆடாமல் அதிக ரன் எடுத்தவர் ஆலன் ஜோன்ஸ்தான். அதே சமயம், இங்கிலாந்து தொப்பி எண் உள்ளவரும் அவர்தான்.

அந்த எண் என்ன?

696. 1970-இன் வரிசைக்குள் அவரைச் செருக முடியாது, மற்ற எல்லோருடைய எண்ணும் மாறிவிடும். அதனால் அன்றைய கடைசி எண்ணுக்கு அடுத்ததைக் கொடுத்தார்கள். 695 ஜாக் கிராலி, 2019 நவம்பரில் நியூசிலாந்தில் அறிமுகமானவர். 697 டான் லாரன்ஸ், 2021 ஜனவரியில் இலங்கையின் காலி மைதானத்தில் அறிமுகமானவர். இரண்டு இளைஞர்களுக்கு நடுவே, 1938-இல் வெலிந்த்ரேயில் பிறந்த ஒருவர். பட்டியலைத் திறந்து பாருங்கள், அந்த வரிசையில் நிற்கிறார்.